பக்கத்து சீட்

போன கோடை விடுமுறையில் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலைக்குப் போகக் கூடாது. வாரத்துக்கு இரண்டு பழைய படம், எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தப் படம் என்பதை நான்தான் சொல்வேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள் முகத்தைச் சுளித்தாள். ஐந்தாவது முடித்த சின்னவன், "எவ்ளோ நேரம் ஓடும்?" என்று மட்டும் கேட்டான். இரண்டரை மணி நேரம் என்றேன். "ஒன்றரை ஸ்பீட்ல வெச்சுக்கலாமாப்பா?" என்றான்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் வளர்ந்தவன். அப்பாவுக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டுவாள். குரோஸ் கணக்கு, நூற்று நாற்பத்து நாலு பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். மாசத்தில் ஒரு நாள், அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் வருகிற வாரத்தில், முதலாட்டம் போவோம். புதுப்படப் பெட்டி பெரிய ஊர்களையெல்லாம் சுற்றிவிட்டு எங்களிடம் வருவதற்குள் பாட்டெல்லாம் டீக்கடையில் மனப்பாடம் ஆகியிருக்கும். அப்படிப் பார்த்த படங்கள்தான் எனக்குச் சொத்து. அதைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட வேண்டும் என்று ஆசை. நான் சிரித்த இடத்தில் அவர்கள் சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு ஆசை.

முதல் படம் 'மன்னன்'. பி.வாசு இயக்கி 1992 பொங்கலுக்கு வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இறந்த பிறகு சென்னைக்கு எங்களோடு வந்துவிட்ட அம்மாவும் அன்றைக்கு ஹாலில் இருந்தாள், சோபாவில் ஏறாமல் சுவரோரம் பாயில்.

தொடக்கம் நன்றாகத்தான் போனது. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு ரஜினியும் கவுண்டமணியும் 'சின்ன தம்பி' டிக்கெட்டுக்கு வரிசையில் முண்டியடிக்கிற காட்சி வந்தது. முதலில் டிக்கெட் வாங்குபவர்களுக்குத் தங்கச் செயினும் மோதிரமும் பரிசு. சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் நிறுத்தி, "ஏன் இவங்க ஆன்லைன்ல புக் பண்ணல?" என்று கேட்டான். டிக்கெட் கவுண்டர் என்றால் என்ன, அந்தச் சந்துக்குள் எப்படி ஒருவர் தலைமேல் ஒருவர் ஏறிப் போவார்கள் என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். பண்டரிபாயை மகன் கோயிலுக்குச் சுமந்துபோகிற பாட்டில் யேசுதாஸ் குரல் வந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் என் கணக்குப்படியே நடந்துகொண்டிருந்தது.

பிறகு விஜயசாந்தி. கம்பெனியின் முதலாளி. படித்தவள், திமிர் பிடித்தவள், தொழிலாளியை மதிக்காதவள். அவள் ரஜினியை அறைய, ரஜினி திருப்பி அறைகிறார். எங்கள் ஊர் தியேட்டரில் கூரை பிய்ந்துவிடும் போல விசில் பறந்த இடம் அது. ஹாலில் சத்தமே இல்லை. மகள் காலை மடக்கி உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பழிவாங்குவதற்காகவே அவள் அந்தத் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொள்ள, படம் முடியும்போது கம்பெனி நாற்காலியை விட்டு இறங்கி, புருஷனை வேலைக்கு வழியனுப்புகிற குடும்பப் பெண்ணாகிறாள். சுபம்.

"அவங்க என்னப்பா தப்பு பண்ணாங்க?" என்றாள் மகள்.

"தொழிலாளிங்கள மதிக்கலல்ல? அகராதி பிடிச்ச முதலாளி."

"அதுக்கு ஸ்ட்ரைக் பண்ணணும். கல்யாணம் எதுக்கு?"

ஆயுசு முழுக்கச் சங்கக் கொடி பிடித்த மனிதரின் பேத்திதான் என்று ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. பதில்தான் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவருக்கு இந்தப் படம் ஏன் அப்படிப் பிடித்தது என்று எனக்கு இப்போது புரிகிறது. மில்லில் சூப்பர்வைசர் முன்னால் கைகட்டி நின்றுவிட்டு வந்தவர், திரையில் ஒரு தொழிலாளி முதலாளியை எதிர்த்து நிற்பதைப் பார்த்தார். கைதட்டினார். முதலாளிக்கு விழவேண்டிய அறை ஒரு பெண்ணின் கன்னத்தில் விழுந்தது என்பதை அவரும் கவனிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விசிலடிக்கப் பழகிக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. இதையெல்லாம் அவளிடம் சொல்லத் தெரியாமல், எல்லாரும் சொல்கிறதையே சொன்னேன்:

"அந்தக் காலம் அப்படிம்மா."

சுவரோரத்திலிருந்து அம்மா பேசினாள். "அந்தக் காலத்துல நானும்தான் இருந்தேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"அந்தப் பொம்பள அந்தச் சேர்ல ஒக்காந்திருந்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. எறக்கி விட்டுட்டாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"யாருய்யா கேட்டீங்க?" என்றாள். கோபமெல்லாம் இல்லை. மாவு அரைத்தாகிவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. தியேட்டரிலிருந்து வீடு திரும்பிய அந்த ராத்திரியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கண்மாய்க் கரையோரம் நடந்து வருகிறோம். அப்பா ரஜினி மாதிரி துண்டை உதறுகிறார். நான் வசனம் சொல்கிறேன். தங்கச்சி தூங்கிவிட்டாள், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா பின்னால் வருகிறாள். எத்தனையோ தடவை நண்பர்களிடம் சொல்லிச் சிலாகித்த ராத்திரி அது. அதில் அம்மாவின் குரல் ஒரு இடத்திலும் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. படம் பார்க்கும்போது அம்மாவின் கை சும்மா இருக்காது. விரல் நுனியில் காய்ந்துபோன பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி உரித்துக்கொண்டே இருப்பாள். அந்த இருட்டில் அவள் பக்கம் நான் பார்த்த ஒரே விஷயம் அந்த விரல்கள்தான்.

'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லும்போது, அந்தக் காலத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள், ஒன்றாகக் கைதட்டினார்கள் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். தியேட்டரில் சிரிக்கிறவன் சத்தம் கேட்கும். சிரிக்காதவள் சத்தம் கேட்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் போட்டவனே மீற முடியாது. அடுத்த படம் 'சிங்காரவேலன்'. அதுவும் 1992. இளையராஜா பாட்டுக்காகவே ஆயிரம் தடவை பார்க்கலாம் என்று முன்னுரை வேறு கொடுத்தேன். கிராமத்திலிருந்து வருகிற கமல், பட்டணத்தில் குஷ்புவைத் தேடிக் கண்டுபிடித்து, விரட்டி விரட்டி, வேஷம் போட்டு, வழிமறித்துக் காதலிக்க வைப்பார். மகள் பாதியிலேயே எழுந்துவிட்டாள். "இதுக்குப் பேரு ஸ்டாக்கிங்ப்பா. கேஸ் போடலாம்."

போடலாம்தான். தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது 1998இல். ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்வதைத் தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது 2013இல்தான். படம் வந்தபோது சட்டம் இல்லை என்று வாதாட வாய் வந்தது. அதற்குள் எதிர்வீட்டு அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் தினமும் சைக்கிளில் அவள் பின்னால் வருவான். தெருமுனையில் நின்று அன்றைக்கு ஹிட்டான பாட்டைப் பாடுவான். எங்களுக்கெல்லாம் அவன்தான் ஹீரோ. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து, அக்காவிடம் கொடுக்கச் சொன்னான். கூலி நாலு தேன்மிட்டாய். கொடுத்தேன். அக்கா அதைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், படங்களில் அப்படித்தானே. விஷயம் அவள் வீட்டுக்குத் தெரிந்து, அரையாண்டுப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் கல்யாணம். அவன் பாட்டுக்கு வேறு தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். சட்டம் வந்தது 2013 என்றால், அந்த அக்காவுக்கு அது இருபது வருஷம் தாமதம். தொந்தரவு என்னவோ அன்றைக்கே இருந்தது.

இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். தேன்மிட்டாய் உட்பட. மகள் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவன்தான், "நீயாப்பா குடுத்த?" என்று கேட்டான். அந்த 'நீயா'வுக்குப் பிறகு அந்த வாரம் படம் எதுவும் போடவில்லை.

எல்லாமே இப்படிக் கனமாகப் போனது என்று நினைத்துவிட வேண்டாம். 'சின்ன கவுண்டர்' பார்த்த ராத்திரி நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. இதுவும் 'மன்னன்' வந்த அதே பொங்கலுக்கு வந்த படம். விஜயகாந்த் பஞ்சாயத்துத் தீர்ப்பு சொல்கிற கம்பீரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பெரிதாகச் சொல்லி வைத்திருந்தேன். பம்பரம் ஞாபகத்தில் இல்லை. சுகன்யாவின் தொப்புளில் விஜயகாந்த் பம்பரம் விடப் போகிறார் என்பது, அவர் சாட்டையைச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் பளிச்சென்று மூளையில் உறைத்தது. ரிமோட்டைத் தேடினேன். அது அம்மாவின் பாய்க்கு அடியில். நான் பாயை இழுக்க, அம்மா "என்னய்யா, பல்லியா?" என்று பதறி எழுந்திருக்க, மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓட, அதற்குள் பம்பரம் சுற்றி முடிந்துவிட்டது. சின்னவன் சந்தேகம் கேட்டான்: "ஆணி குத்தாதாப்பா?" நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக அந்தக் காட்சியைப் பேசித் தீர்த்த தமிழ்நாட்டில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் அதே படத்தில்தான் மொய்விருந்தும் வருகிறது. கடனில் மூழ்கிய கதாநாயகி ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறாள். சாப்பிட்டவர்கள் எவ்வளவு என்று யாருக்கும் காட்டாமல் பணத்தை இலைக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். மகள் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "நிஜமாவே இப்படிப் பண்ணுவாங்களா?" என்றாள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இன்றைக்கும் மொய்விருந்து நடக்கிறது, நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொண்டு திருப்பிச் செய்வார்கள் என்று அம்மா விளக்கினாள். கொடுக்கிறவர்களின் கை தெரியாமல், வாங்குகிறவளின் தலை குனியாமல் ஒரு ஊர் உதவி செய்கிற காட்சியை எடுத்த அதே ஆட்கள்தான் பம்பரத்தையும் எடுத்தார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கத்தரித்து எறிய முடியாது. பழைய படம் பெரிய குடும்பத்துக் கல்யாண ஆல்பம் மாதிரி. பிடிக்காத சித்தப்பாவும் எல்லாப் போட்டோவிலும் நிற்பார்.

'கரகாட்டக்காரன்' பார்த்தபோது நான் ஜெயித்தேன் என்றே சொல்ல வேண்டும். 1989இல் வந்து, மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். ஒரு ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழம் வாங்கப் போன செந்தில், ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து, அந்த இன்னொன்றுதான் இது என்று சாதிக்கிற காட்சியில் மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரித்தது. தத்துவ வகுப்பில் பாடமாக வைக்கலாம், அப்படி ஒரு தர்க்கம். ஒரு வாரத்துக்கு வீட்டில் எது காணாமல் போனாலும் அந்தப் பதில்தான்.

இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார்கள். சின்னவன் விளையாடும்போது அவர்கள் மகனை, கொஞ்சம் பருமனான பிள்ளை, கவுண்டமணி குரலில் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். கூட இருந்த பையன்கள் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாளாக விளையாட இறங்கி வரவில்லை. "நீயும்தானப்பா சிரிச்ச?" என்றான் சின்னவன். வாழைப்பழத்துக்குச் சிரித்தது வேறு, தலையையும் நிறத்தையும் வயிற்றையும் சொல்லித் திட்டியதற்குச் சிரித்தது வேறு என்று பிரித்துச் சொல்ல முயன்றேன். சொல்லும்போதே எனக்கே பிரியவில்லை. இரண்டும் ஒரே மூச்சில், ஒரே வாயிலிருந்து வந்த சிரிப்பு. கடைசியில் அவனைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். அவன் மன்னிப்புக் கேட்டான். வாழைப்பழ காமெடியை அந்தப் பிள்ளைக்கு நடித்துக் காட்டினான். அதில் செந்தில் வேஷம் இவனுக்கு. அதுவரைக்கும் சரி.

இதற்குப் பிறகாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். தொண்ணூறுகள்தான் ஆபத்து, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துவிட்டால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு, 'சிவாஜி' போட்டேன். ஷங்கர் படம், எழுத்தாளர் சுஜாதா வசனம், 2007. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதத்தில் வந்த படம் அது. இருவரும் தியேட்டரில் சேர்ந்து பார்த்த முதல் ரஜினி படம்.

அதில் பக்கத்து வீட்டுக்காரராக சாலமன் பாப்பையா வருவார். அவருக்கு இரண்டு மகள்கள். அவர்கள் முகத்தில் கன்னங்கரேலென்று மை பூசி விட்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்து ஹீரோவும் விவேக்கும் அலறி ஓட வேண்டும். அதுதான் காமெடி. அந்த மகள்களுக்குப் படத்தில் வைத்த பெயர் அங்கவை, சங்கவை.

"பாரி மகளிர்ப்பா," என்றாள் மகள். தமிழ்ப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். தகப்பனையும் பறம்பு மலையையும் இழந்த பிறகு அந்தப் பெண்கள் பாடியதாகப் புறநானூற்றில் 112ஆம் பாட்டு இருக்கிறது. நிலாவைப் பார்த்து, போன மாதம் எங்களுக்கு என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிற பாட்டு. ஈராயிரம் வருஷமாக ஒரு மொழி பத்திரமாக வைத்திருந்த பெயர்களைக் கொண்டுவந்து, கறுப்பு மை பூசி, ஓடு ஓடு என்று சிரித்திருக்கிறோம். அதே படத்தில் ஹீரோவுக்கும் கறுப்பு ஒரு குறைதான். வெள்ளையாவதற்கு என்னென்னவோ பூசிப் பார்ப்பார், ஒரு பாட்டு முழுக்க அவரைக் கம்ப்யூட்டரில் வெள்ளைக்காரராகவே ஆக்கியிருப்பார்கள்.

என் மகள் அவள் அம்மாவின் நிறம். என் மனைவி கறுப்பு.

மகள் டி.வி.யைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். "நீ இத தியேட்டர்ல பாத்தியாம்மா? அப்பாகூடவா?"

"ஆமா."

"அப்பா சிரிச்சாரா?"

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மறுநாள் சாம்பாருக்கு. கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்: "எல்லாரும் சிரிச்சாங்க."

பதினெட்டு வருஷத்தில் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அன்றைக்கு இருபத்தெட்டு வயது. கண்மாய்க் கரையில் வசனம் சொல்லிக்கொண்டு போன பன்னிரண்டு வயதுப் பையன் இல்லை. தேன்மிட்டாய்க்குக் கடிதம் கொண்டுபோனவனும் இல்லை. படித்து, வேலைக்குப் போய், கறுப்பான ஒரு பெண்ணை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவன். அவளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பார்த்த ஞாபகம் இல்லை. அந்தக் காலம் அப்படி என்று இதற்கு யாரிடம் போய்ச் சொல்வது? மகள் பிறந்ததே அதற்கு இரண்டு வருஷம் தள்ளித்தான்.

"சாரி" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"எதுக்குங்க? கண்ணு எரியுது, அந்த ஃபேனக் கொஞ்சம் கொறைங்க," என்றாள்.

நியாயமாக, தப்பித்த படங்களையும் சொல்லிவிட வேண்டும். 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' பார்த்து, நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடத்தில் சின்னவன் சோபாவிலிருந்து உருண்டு விழுந்தான். அறுபது வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு, ஒன்றரை ஸ்பீடு தேவைப்படாத சிரிப்பு. 'மைக்கேல் மதன காமராஜன்' 1990 தீபாவளிக்கு வந்தது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுந்ததும் பாலக்காட்டுக் காமேஸ்வரன் படுகிற பாட்டை, மகள் ஒரே ராத்திரியில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். கிரேசி மோகன் வசனத்தில் பாதி காதில் விழுந்து சிரிப்பதற்குள் மீதி ஓடிவிடுகிறது. இந்த இரண்டிலும் சிரிப்பு யாருடைய உடம்பிலிருந்தும் பிடுங்கியது இல்லை. நாகேஷ் விடுகிற கதையின் அபத்தத்திலும் காமேஸ்வரனின் பதற்றத்திலும் தானாக ஊறுவது. அதனால்தான் கெடாமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் ரொம்பத் தெளிவானவர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னவனுக்குப் பிடித்த படம் 'ஜெயிலர்'. அதில் தலை துண்டாகும் இடத்தில் அவன் கைதட்டுவான். நான் பிள்ளைகளோடு பார்த்த பழைய படங்கள் எதிலும் அவ்வளவு ரத்தம் இல்லை. இதை அவனிடம் சொன்னால், "அது சும்மா கிராபிக்ஸ்ப்பா," என்கிறான். அறையும் சும்மா நடிப்புத்தான் என்று நாங்களும் சொன்னோம். அவனுக்கும் ஒரு நாள் பிள்ளை பிறந்து, சோபாவில் உட்கார்ந்து, நீயாப்பா கைதட்டின என்று கேட்கும். அப்போது நான் சுவரோரம் பாயில் இருப்பேன். இருந்தால், கேட்டால், சொல்வேன்.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருந்தது. இனிமேல் படம் தேர்ந்தெடுப்பது நான் இல்லை என்று அறிவித்தேன். சீட்டுக் குலுக்கலாம் என்றான் சின்னவன். மகள்தான் பாயின் பக்கம் திரும்பி, "ஆச்சி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன படம் வேணும்?" என்று கேட்டாள்.

எனக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. என் நினைவு தெரிந்து அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. டிக்கெட் எடுக்கிறவர்தான் படத்தை முடிவு செய்வார். பிறகு டி.வி. வந்தது, ரிமோட் வைத்திருக்கிறவர் முடிவு செய்தார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "அவள் ஒரு தொடர்கதை," என்றாள்.

1974இல் பாலசந்தர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மா, சின்னம்மா, அடுத்த வீட்டுப் பெண்கள் என்று ஆறு பேர் சேர்ந்து, ஆண்துணை இல்லாமல், மேட்னி போயிருக்கிறார்கள். பெட்டி ஒட்டிச் சேர்த்த காசில். இப்படி ஒரு மேட்னி நடந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கதாநாயகி சுஜாதாவுக்கு ஆபீஸ் வேலை. ஓடிப்போன தகப்பன், குடிகார அண்ணன், விதவைத் தங்கை என்று ஒரு வீட்டையே ஒற்றை ஆளாக இழுக்கிறாள். சிடுசிடுப்பானவள், சிரிக்காதவள், யாருக்கும் பயப்படாதவள். கடைசியில் தனக்கு அமைந்த கல்யாணத்தையும் இன்னொரு தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாள்.

மகள் பொறுக்கவில்லை. "ஏன் ஆச்சி எல்லாத்தையும் இவங்களே விட்டுக்குடுக்கணும்? அந்த வீட்ல வேற ஆளே இல்லையா? இதுவும் பழைய படம்தான்."

"ஆமா, பழைய படம்தான்," என்றாள் அம்மா. "நான் அதுக்கா பாத்தேன்? அவ பையத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறுறா பாரு, அதுக்குப் பாத்தேன்."

திரையின் வெளிச்சத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பெட்டி ஒட்டுவதை விட்டு இருபது வருஷமாகிறது. இன்னும் படம் பார்க்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருக்கிறது, அங்கே ஒன்றும் இல்லாவிட்டாலும்.

வீட்டில் நடந்தது எல்லாம் நடந்து முடிந்து, சுஜாதா மறுபடியும் வேலைக்குக் கிளம்பினாள். படம் முடிந்துவிட்டது என்று சின்னவன் ரிமோட்டை எடுத்தான்.

அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருல. அவ போகட்டும்."